தரைக்குக் கீழே போகும் வேலை: சொந்த மேற்பார்வையில் வீடு கட்டுவோருக்கான மண் வேலை, கழிவுநீர்க் குழாய் வழிகாட்டி

பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கூலியை மட்டும் பேசி, உடன் நின்று வீடு கட்டும்போது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று முடிவு செய்யும் பொறுப்பும் நம் தலையில்தான் விழுகிறது. என் வீட்டில் கம்பிக்கும் சிமெண்டுக்கும் காட்டிய கவனத்தை நான் கழிவுநீர்க் குழாய்க்குக் காட்டவில்லை. பேஸ்மெண்ட் (வீட்டுத் தரைக்குக் கீழே மண் நிரப்பும் பகுதி) நிரப்பி, தளம் போட்டு, சுவர் எழுந்து நின்ற பிறகுதான் பிளம்பரை அழைத்தேன். பின்புறக் குளியலறையின் குழாயை வெளியே கொண்டுபோக அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி, நாங்கள் பத்து நாள் தண்ணீர் ஊற்றி ஆற்றிய பிளிந்த் பீமை (சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டத்தை) குடைவதுதான். அதன்பின் உறவிலும் நட்பிலும் நான்கு வீடுகளின் மண் வேலையை உடனிருந்து பார்த்துவிட்டேன். கண்ணில் பட்ட தவறுகளில் பாதிக்கு மேல், வேலைகளின் வரிசை மாறியதால் வந்தவை.

கீழே வருவது, தமிழ்நாட்டுப் புறநகர் ஒன்றில் 30 அடிக்கு 60 அடி மனையில், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கான வரிசை. அஸ்திவாரத்தின் வகையும் கம்பியின் அளவும் பொறியாளர் முடிவு செய்ய வேண்டியவை. அவற்றுக்குள் நான் போகவில்லை.

1. மண்வெட்டி இறங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டா, புலப்படம், ஒப்புதல் பெற்ற வரைபடம் ஆகிய மூன்றின் நகல்களும் வேலையிடத்திலேயே இருக்கட்டும். புலப்படத்திலுள்ள அளவும் மனையிலுள்ள கல்லும் ஒத்துப்போகாவிட்டால், சர்வேயரை வைத்து அளந்து முடிக்கும் வரை வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டக் கூடாது. அரை அடி வித்தியாசம் என்பது வீட்டைச் சுற்றிவரும் நடைபாதையை, அதாவது குழாய் போகும் பாதையைத்தான் முதலில் தின்னும்.

மண் பரிசோதனையைச் செலவாக எண்ணித் தவிர்க்க வேண்டாம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலும், பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தையொட்டிய களிமண்ணும், காவிரிப் படுகையின் களியும், செம்மண் மேட்டைப் போல நடந்துகொள்வதில்லை. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அந்த அசைவு அஸ்திவாரத்தை மட்டுமல்லாமல் குழாய் இணைப்புகளையும் இழுக்கும். பரிசோதனை அறிக்கையில் நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்ற வரியையும் தேடிப் படியுங்கள். செப்டிக் டேங்கின் ஆழத்துக்கு அது வேண்டும்.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்வதால், தை பிறந்ததும் வானம் தோண்டி, ஆடிக்குள் பேஸ்மெண்டையும் தரைக்கடிக் குழாய்களையும் முடித்துவிடுவது நல்லது. திறந்து கிடக்கும் குழியில் ஒரு மழை நின்றுவிட்டால், அடியில் ஊறிய சேற்றைச் சுரண்டி எடுத்த பிறகே கான்கிரீட் போட முடியும்.

கருவிகளில் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியவை நான்கு: 30 மீட்டர் டேப், மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாய் 15 மீட்டர், ஒரு நல்ல ரசமட்டம், நைலான் நூல். கொத்தனாரிடம் இவை இருக்கும். ஆனாலும் அவர் போட்ட மட்டத்தை அவர் கருவியாலேயே சரிபார்ப்பதில் பயனில்லை.

2. அசையாத ஒரு மட்டக்குறி

எல்லா உயரங்களையும் ஏதோ ஒன்றிலிருந்துதான் அளக்க வேண்டும். பலரும் தெருவிலிருந்து அளக்கிறார்கள். தெருவோ, மீண்டும் தார் போடும்போது உயர்ந்துவிடும்; வீடு பாதி எழும்போது அளவுக்குப் பிடிமானம் இல்லாமல் போகும். ஆகவே வேலை தொடங்கும் நாளில் தெருவின் நடு உயரத்தைச் சுழியம் என்று வைத்து, அதிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தை அசையாத இரண்டு இடங்களில் பெயிண்டால் குறித்துவிடுங்கள். கான்கிரீட்டில் நட்ட ஒரு கல்லும் பழைய மதில் ஒன்றும் போதும். இரண்டு எதற்கென்றால், ஒன்றை ஜேசிபி இடித்துவிட்டுப் போனாலும் மற்றது மிஞ்சும்.

குழாய் மட்டத்தில் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் அளவு தவறிவிடும். வாளியிலிருந்து மெதுவாக உறிஞ்சி நிரப்பி, இரு நுனிகளையும் அருகருகே பிடித்து, இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நடக்கத் தொடங்குங்கள். தண்ணீரில் சிறிது நீலம் கலந்துகொண்டால் வெயிலிலும் கண்ணுக்குத் தெரியும்.

3. கழிவுநீர்க் கணக்கைக் கடைசி முனையிலிருந்து தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்று கேட்டால், "பக்கத்து வீட்டைவிட அரை அடி கூட" என்பதுதான் நம்மூரில் வழக்கமான பதில். உண்மையில் அந்த உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது, கழிவுநீர் போய்ச் சேரும் இடத்தின் ஆழம்.

தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கும் மனையை எடுத்துக்கொள்வோம். உள்ளாட்சி ஊழியர் மேன்ஹோல் மூடியைத் திறந்து காட்டும்போது, நம் குழாய் எந்த ஆழத்தில் சேரலாம் என்று கேட்டு, மேலிருந்தே கோல் விட்டு அளந்துகொள்ளுங்கள். தெருமட்டத்துக்கு 70 செ.மீ. கீழே சேரலாம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி −70.

வீட்டின் பின்புறம் அமையும் முதல் சேம்பரிலிருந்து, அதாவது குழாயைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு தொட்டியிலிருந்து, மேன்ஹோல் வரை 22 மீட்டர். 110 மி.மீ. குழாய்க்கு, அதாவது நாம் 4 இஞ்ச் என்று சொல்லும் குழாய்க்கு, 40-க்கு 1 என்பது நம்பகமான சரிவு. அப்படியானால் 22 மீட்டருக்கு 55 செ.மீ. இறக்கம் வேண்டும். இடையில் வரும் மூன்று சேம்பர்களில் ஒவ்வொன்றிலும் இரண்டரை செ.மீ. இறக்கம் கொடுத்தால் மேலும் ஏழரை. ஆக மொத்தம் 62.5 செ.மீ.

இப்போது பின்னோக்கி ஏறுங்கள். முதல் சேம்பரில் குழாயின் அடிமட்டம் −7.5. குழாயின் மேல்முதுகு அதைவிட 11 செ.மீ. உயரத்தில், +3.5. அதன் மேல் குறைந்தது 30 செ.மீ. மண்ணும் தளமும் மூடியிருக்க வேண்டும் என்பதால், பக்கவாட்டு நடைபாதை +33.5-க்குக் கீழே இருக்கக் கூடாது. +35 என்று வைப்போம். நடைபாதைக்கும் வீட்டுத் தரைக்கும் இடையே மூன்று படி, 45 செ.மீ. வீட்டுத் தரை +80. தெருவிலிருந்து இரண்டரை அடிக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கைப் போடாமல் மண் செலவை மிச்சப்படுத்த ஒன்றரை அடியில், அதாவது +45-இல் தரையை நிறுத்தினால் என்ன ஆகும்? படிகளைக் குறைத்து நடைபாதையை +5-இல் வைத்தாலும், குழாயின் அடிமட்டம் −36 ஆகிவிடும். சேம்பர்களுக்கு ஏழரை போக மிஞ்சும் இறக்கம் 26.5 செ.மீ. மட்டுமே; சரிவு 83-க்கு 1. மலத்தை இழுத்துச் செல்லும் வேகம் தண்ணீருக்கு அங்கே கிடைப்பது சந்தேகம். தரைமட்டம் போட்டு முடிந்த பின் இதைத் திருத்த வழியில்லை.

சரிவு அதிகமானால் தண்ணீர் முன்னே ஓடிவிட்டுத் திடக்கழிவு பின்தங்கும் என்று பிளம்பர்கள் சொல்வதுண்டு. வீட்டளவில் நான் பார்த்த அடைப்புகள் குறைந்த சரிவாலும், அதைவிட அதிகமாக, நடுவில் தொய்ந்த குழாயாலும் வந்தவை. 160 மி.மீ. குழாய்க்கு 60-க்கு 1 போதும். ஆனால் சரிவு கிடைக்கவில்லை என்பதற்காக ஒற்றை வீட்டுக்குப் பெரிய குழாயைப் போடாதீர்கள். அகலமான அடியில் தண்ணீர் பரந்து மெலிந்து, இன்னும் மெதுவாகவே நகரும்.

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கடைசி முனை செப்டிக் டேங்க். அப்போதும் கணக்கு இதே திசையில்தான். வாஸ்து பார்க்கும் குடும்பமானால் செப்டிக் டேங்க் வாயு மூலையிலா, தண்ணீர்த் தொட்டி ஈசானியத்திலா என்ற விவாதத்தை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வானம் தோண்டிய பிறகு மாமனார் ஒரு வார்த்தை சொல்லி டேங்க் இடம் மாறினால், போட்ட கணக்கெல்லாம் வீண்.

4. மேல்மண் நீக்கி நூல் பிடித்தல்

வேரும் புல்லும் கலந்த மேல்மண்ணை அரை அடி வழித்து எடுத்து ஒரு மூலையில் குவித்து வையுங்கள். அது மக்கும் மண் என்பதால் பேஸ்மெண்டுக்குள் போனால் பின்னாளில் தரை இறங்கும். தோட்டத்துக்கு மட்டுமே ஆகும்.

கட்டிடத்தின் வெளிக்கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி முளை அடித்து, குறுக்குப் பலகை கட்டி, அதில் ஆணி வைத்து நூல் பிடிக்க வேண்டும். கோட்டின் மேலேயே அடித்த முளை முதல் நாள் தோண்டலிலேயே போய்விடும். மூலைமட்டத்துக்கு 3-4-5 கணக்கைப் பெரிதாக்கி 12, 16, 20 அடியில் பாருங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளின் குறுக்களவு இரண்டும் சமமா என்றும் பாருங்கள்.

அஸ்திவாரக் கோட்டைச் சுண்ணாம்பில் போடும் அதே நாளில், குழாய் போகும் பாதையையும் சேம்பர்களின் இடத்தையும் வேறு நிறப் பொடியில் போட்டுவிடுங்கள். தூண் அடித்தளமும் சேம்பரும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது காகிதத்தில் தெரியாது. தரையில் போட்டால் கொத்தனாரே சுட்டிக்காட்டுவார்.

5. வானம் தோண்டுதல்

ஜேசிபி வேண்டிய ஆழத்துக்கு அரை அடி முன்னதாகவே நிற்க வேண்டும். மிச்சத்தை ஆள் வைத்து எடுக்க வேண்டும். வாளியின் பற்கள் கலைத்த மண் பழைய கெட்டித்தன்மையை இழந்துவிடுகிறது. தவறி ஆழமாகப் போய்விட்டால் தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மட்டம் செய்வது புதியவர்கள் செய்யும் பிழை. அந்தக் கூடுதல் ஆழத்தைப் பி.சி.சி. எனப்படும் கம்பியில்லாத கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போகும் குழியில் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். அள்ளிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். விளிம்பில் குவிந்த மண்ணின் பாரம்தான் சரிவுக்கு வழக்கமான காரணம்.

செப்டிக் டேங்குக்கான குழியைக் கட்டிட அஸ்திவாரத்தோடு சேர்த்து இப்போதே தோண்டிவிடுவது சிக்கனம் என்று தோன்றும். டேங்கின் அடி, பக்கத்துத் தூணின் அடியைவிட ஆழமாக இருக்குமானால், ஆழமானதை முதலில் முடித்துச் சுற்றிலும் மண் நிரப்பிக் கெட்டித்த பிறகே ஆழம் குறைந்ததைத் தோண்ட வேண்டும். தலைகீழாகச் செய்தால் தூணின் அடியிலுள்ள மண் குழிக்குள் வழியும்.

6. பிளிந்த் பீமுக்கு முன் ஸ்லீவ் (குழாய் உறை)

நான் தவறவிட்ட படி இது. பீமுக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் பிளம்பர் வேலையிடத்தில் இருக்க வேண்டும். குழாய்கள் பெரும்பாலும் பீமுக்குக் கீழே போகுமாறு மட்டத்தை அமைப்பதே நல்லது. பீமின் ஊடாகவே போக வேண்டிய இடத்தில், பொறியாளரிடம் இடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கி, 110 குழாய்க்கு 160 மி.மீ. குழாய்த் துண்டை உறையாக வைத்துவிட வேண்டும்.

குழாயைச் சுவரோடு சேர்த்துக் கலவை வைத்துப் பூசிவிடக் கூடாது. கட்டிடம் முதல் சில மழைக்காலங்களில் சிறிது அமரும். வெளியே உள்ள குழாய் அமராது. அந்த வித்தியாசத்தை உறையின் இடைவெளி வாங்கிக்கொள்ளும். இடைவெளியைத் தார் தோய்த்த சணலாலோ நெகிழும் பூச்சாலோ அடைத்தால் எலியும் நீரும் வராது.

7. பேஸ்மெண்ட் நிரப்புதல்

1,000 சதுர அடிக் கட்டிடத்தில் இரண்டரை அடி நிரப்ப 2,500 கன அடி, அதாவது 25 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் வேண்டும். கெட்டித்தால் மண் குறையும் என்பதால் கால் பங்கு சேர்த்து 31 யூனிட் என்று கணக்கிடுங்கள். கிராவல் அல்லது செம்மண் நல்லது. கரிசலும் களியும் கூடாது. இடிபாட்டு மண் மலிவாகக் கிடைக்கும். அதில் மரத்துண்டும் பிளாஸ்டிக் பையும் பெரிய கான்கிரீட் கட்டியும் கலந்து வருவதால், எவ்வளவு திமிசு போட்டு இடித்துக் கெட்டித்தாலும் பொந்து மிஞ்சும்.

டிப்பர் கொட்டியதை ஜேசிபி ஒரே மூச்சில் பரப்பி, மேலே தண்ணீரைப் பாய்ச்சி இரண்டு நாள் விட்டால் அமர்ந்துவிடும் என்று சொல்வார்கள். மணலுக்கு அது ஓரளவு பொருந்தும். செம்மண்ணுக்குப் பொருந்தாது, மேல் ஓர் அடி சேறாகும், கீழே காய்ந்த மண் அப்படியே கிடக்கும். அரை அடிக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவு மட்டும் ஈரமாக்கி, பிளேட் காம்பாக்டரை இருமுறை ஓட்டி, பிறகே அடுத்த அடுக்கு. மூலைகளிலும் பீம் ஓரங்களிலும் இயந்திரம் போகாது. அங்கே கையால் திமிசு போட வேண்டும். குளியலறைகள் பெரும்பாலும் மூலைகளில்தான் வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

அடுக்கு முடிந்ததும் 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். ஓரிரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மறுபடி ஓட்டச் சொல்வேன்.

8. தரைக்கடிக் குழாய் பதித்தல்

குழாயை வைத்துவிட்டு மேலே மண் கொட்டுவதா, மண்ணைக் கெட்டித்துவிட்டு அதில் தோண்டிக் குழாயை வைப்பதா? இரண்டாவதுதான் சரி. முதல் முறையில் குழாய்க்கு அடியிலுள்ள மண் கெட்டிப்படாமலே தங்கி, ஆறு மாதத்தில் குழாய் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வில் கழிவு தேங்கும். தோண்டியதையே மறுபடி தோண்டுவதாகத் தோன்றினாலும் செய்யுங்கள்.

குழாய் வாங்கும்போது விலையை அல்ல, குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ். 13592 என்பது கட்டிடக் கழிவுநீர்க் குழாய்க்கான தரம். அதில் ஏ வகை காற்றுப்போக்கிக்கும் மழைநீருக்கும், பி வகை கழிவுநீருக்கும் உரியவை. வெளியே மண்ணுக்கடியில் போகும் நீள்வரிசைக்கு ஐ.எஸ். 15328 குழாய். கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மெல்லிய ஏ வகையாக இருக்கும்.

பள்ளத்தின் அடியில் 10 செ.மீ. மணல் படுக்கை. கல்லோ செங்கல் துண்டோ வைத்துக் குழாயை முட்டுக் கொடுப்பது எங்கும் காணும் பிழை. அந்த இரண்டு புள்ளிகளில் மட்டும் பாரம் தங்கி, இடையே குழாய் வளையும். சாக்கெட் (அடுத்த குழாய் நுழையும் அகன்ற வாய்) வரும் இடத்தில் மணலைச் சிறிது பறித்துவிட்டால் குழாயின் உடல் முழுவதும் படுக்கையில் படியும்.

பதிப்பதைக் கீழ் முனையிலிருந்து மேல்நோக்கிச் செய்ய வேண்டும். சாக்கெட்டின் வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விளிம்பு நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். துணியும் முடியும் அங்கே சிக்கும்.

ரப்பர் ரிங் இணைப்பில் குழாயை முழுவதும் தள்ளி, பேனாவால் கோடு போட்டு, பிறகு 10 மி.மீ. பின்னே இழுத்து நிறுத்துங்கள். வெந்நீர் படும்போது குழாய் நீள அந்த இடம் வேண்டும். கரிசல் மண்ணில் வெளிக்குழாயின் எல்லா இணைப்புக்கும் ரப்பர் ரிங்கையே நான் விரும்புகிறேன். ஒட்டிய இணைப்பு மண்ணின் அசைவுக்கு ஈடுகொடுக்காது.

சரிவைக் கண்ணால் பார்த்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். 120 செ.மீ. நீளமான நேர்ப்பலகை ஒன்றின் ஒரு நுனியில் 3 செ.மீ. கனமான மரத்துண்டை அடியில் ஆணியடித்துக்கொள்ளுங்கள். மரத்துண்டு கீழ்ப்பக்கம் இருக்குமாறு பலகையைக் குழாய் மீது வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தால், குமிழி நடுவில் நிற்கும்போது சரிவு சரியாக 40-க்கு 1. இதைப் பிளம்பர் கையில் கொடுத்த முதல் நாள் சிரித்தார். மறுநாள் அடுத்த வேலைக்கு அதைக் கடன் கேட்டார்.

கிடைமட்டமாகத் திரும்பும் இடத்தில் 90 பாகை எல்போ ஒன்றைப் போடாமல் 45 பாகை பெண்டு இரண்டைப் போடுங்கள். இணையும் இடத்தில் நேர் டீக்குப் பதிலாகச் சாய்வாகச் சேரும் ஒய் (Y) இணைப்பு. கார் நிற்கும் இடத்தின் கீழே குழாய் போனால் சுற்றிலும் கான்கிரீட் கவசம் வேண்டும்.

குழாயைச் சோதித்து மூடிய பின், தரைக்கான பி.சி.சி.க்கு முன், கரையான் மருந்து அடிப்பதற்கு இதுவே நேரம். மருந்தடித்த பிறகு குழாய்க்காகத் தோண்டினால் அந்தத் தடுப்பு உடைந்துவிடும்.

9. சேம்பர்களும் டிராப்களும்

திருப்பம், இணைப்பு, சரிவு மாற்றம் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் சேம்பர் வேண்டும். நேரான ஓட்டத்திலும் 10 மீட்டருக்கு ஒன்று இருக்கட்டும். இரண்டுக்கு இரண்டு அடி உள்ளளவு இருந்தால் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கை நுழையும்.

கொத்தனார் விட்டுவிடும் வேலை, சேம்பரின் அடி. தட்டையாகப் பூசிவிட்டுப் போவார். தண்ணீர் நுழையும் குழாயிலிருந்து வெளியேறும் குழாய் வரை அரைவட்ட வாய்க்கால் அமைத்து, இருபுறமும் வாய்க்காலை நோக்கிச் சாய்த்து வழவழப்பாகப் பூச வேண்டும். தட்டையான அடியில் கழிவு பரவிக் காய்ந்து மேடு கட்டும். கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு இல்லை.

சமையலறை, குளியலறை நீர் சேம்பரில் சேரும் முன் ஒரு கல்லி டிராப்பைக் கடக்க வேண்டும். அதில் நிற்கும் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கிறது. முதல் சேம்பரிலிருந்து ஒரு காற்றுப்போக்கிக் குழாயை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய்க் கவுல் எனும் மூடியை மாட்டுங்கள். இது இல்லாத வீட்டில், மாடியில் ஃப்ளஷ் அழுத்தும்போது கீழே தரை டிராப்பின் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, அதன்பின் நாற்றம் வரத் தொடங்கும். வீட்டுக்காரர் பினாயில் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

10. செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்

ஐ.எஸ். 2470 தரவரையறையின்படி, 10 பேர் புழங்கும் வீட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதானால், டேங்கின் உள்நீளம் 2 மீட்டர், அகலம் 90 செ.மீ., நீர் நிற்கும் ஆழம் 1.4 மீட்டர். சுமார் 2,500 லிட்டர். 2,000 லிட்டரைத் தாண்டுவதால் இரண்டு அறை வேண்டும். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. நீர்மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம். வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிட 5 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். கொத்தனாரிடம் விட்டால் இரண்டையும் ஒரே வரிசைச் செங்கல்லில் வைத்துவிடுவார். கழிவு குழாய்க்குள்ளேயே பின்வாங்கும்.

அடியில் கான்கிரீட் போடாமல் விடுவதும், பக்கங்களில் ஓட்டை வைப்பதும் "சீக்கிரம் நிரம்பாது" என்ற பெயரில் நடக்கிறது. அப்படிக் கட்டுவது உங்கள் போர்வெல் தண்ணீரிலும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் கழிவைக் கலப்பது. டேங்க் ஒழுகக் கூடாது. கட்டி முடித்ததும் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும் இடமானால் அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டாம். காலியான டேங்கை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும்.

மேல் மூடியை வார்த்துவிட்டு உள்ளே முட்டுப்பலகை பிரிக்க ஆளை இறக்குவதில் உயிர்கள் போயிருக்கின்றன. புதிய டேங்க்தானே, கழிவே விழவில்லையே என்று நினைப்பார்கள். மூடிய ஈர அறையில் ஊறும் பலகையே உயிர்வளியைத் தின்றுவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி, மூடியைத் தரையில் பலகை பலகையாக வார்த்து மேலே வைப்பது. உள்ளே முட்டே தேவையில்லை. புழக்கத்துக்கு வந்த டேங்குக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியின் குழாய் எட்டும் இடத்தில், டைல்ஸ் ஒட்டி மறைக்காத மூடி ஒன்று இருக்க வேண்டும்.

டேங்கிலிருந்து வெளிவருவது தெளிந்த நீராகத் தெரிந்தாலும் கழிவுநீரே. அதைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. உறிஞ்சுகுழிக்குத்தான் அனுப்ப வேண்டும். குழி வேலை செய்யுமா என்று முன்பே பார்க்கலாம். குழி அமையும் ஆழத்தில் ஒரு சிறு பள்ளம் தோண்டி, முந்தைய இரவு தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி நீர்மட்டம் இறங்குவதை அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ. இறங்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணில் சாதாரண சிமெண்ட் உறை (வளையம்) இறக்கிய குழி பயன்படாது. வேறு ஏற்பாட்டுக்குப் பொறியாளரைக் கேளுங்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது தரவரையறை. 60 அடி நீள மனையே 18 மீட்டர்தான் என்பதால், போரை ஒரு கோடியிலும் குழியை மறுகோடியிலும் வைத்தால்தான் அதை நெருங்க முடியும். பக்கத்து மனைக்காரரின் போர் எங்கே என்றும் கேட்டுவிடுங்கள்.

11. மழைநீர் தனி வழி

மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலிருந்து கட்டாயம். அந்தக் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் சேர்ப்பது பெருந்தவறு. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். செப்டிக் டேங்க் என்றால் உள்ளிருப்பதையெல்லாம் புரட்டி வெளியே தள்ளிவிடும். பாதாளச் சாக்கடையானால் தெருவே பின்வாங்கி உங்கள் குளியலறைக்குள் வரும்.

மழைநீர்க் குழியை உறிஞ்சுகுழிக்கு எதிர்த் திசையில் அமையுங்கள். களிமண் மனையில் மணல் அடுக்கை எட்டும் வரை உறை இறக்காவிட்டால் குழி முதல் மழையிலேயே நிரம்பி நிற்கும். வீட்டைச் சுற்றியுள்ள தளம் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சாய வேண்டும். கரிசல் மண்ணில் இந்தத் தளம் ஒரு மீட்டர் அகலமாவது இருந்தால்தான் அஸ்திவார ஓரத்தின் ஈரம் மாறாமல் நிற்கும்.

12. மூடும் முன் சோதனை

கீழ்ச் சேம்பரில் குழாயின் வாயை ரப்பர் அடைப்பானால் அடைத்து, மேல் சேம்பர் வழியாகத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து அரை மணி நேரம் காத்திருங்கள். இறங்கினால் ஒழுகும் இணைப்பைத் தேடுங்கள். ஈரமான மணல் காட்டிக்கொடுக்கும். மண் மூடிய பிறகு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது கண்ணாடிச் சோதனை. ஒரு சேம்பரில் டார்ச்சை வைத்து, அடுத்த சேம்பரில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால், குழாய் நேராக இருக்கும்போது வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும். பாதி வட்டம் தெரிந்தால் குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது அல்லது பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. பிளம்பர் "பரவாயில்லை சார், தண்ணி போகும்" என்பார். அன்றைக்குக் கூலி கொடுக்காமல், அந்தத் துண்டை மட்டும் தூக்கி மீண்டும் படுக்கை போடச் சொல்லுங்கள்.

மூடும்போது குழாயின் இருபுறமும் ஒரே நேரத்தில் மணலைப் போட்டுக் காலால் மிதித்து, மேலே 15 செ.மீ. மணல் வந்த பிறகே மண். குழாய் முதுகுக்கு ஓர் அடி உயரம் வரும் வரை இயந்திரம் ஓட்டக் கூடாது.

மண் விழும் முன் ஒவ்வொரு பள்ளத்திலும் சுவரிலிருந்து டேப்பை விரித்து வைத்து, அளவு தெரியும்படி ஒரு படம் எடுங்கள். படங்களை அச்சிட்டு, வரைபடத்தின் நகலில் குழாய்ப் பாதையைச் சிவப்பில் வரைந்து, இரண்டையும் பத்திரத்தோடு வையுங்கள். என் வீட்டில் அப்படி ஒரு படமும் இல்லாததால், மூன்றாண்டு கழித்துக் கொய்யாக் கன்று நட்டவர் கடப்பாரையைக் குழாயில் இறக்கினார்.